சாளர நிரலாக்கமும் தொடக்கநிலைக் கைநூல்களும்: பெட்சோல்டு, ஹால்வர்சன் நூல்களை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

சாளர இடைமுகம் கொண்ட கணினிகள் பரவியபோது நிரல் எழுதும் முறை மட்டுமன்றி, அதைக் கற்பிக்கும் நூலின் அமைப்பும் மாறியது. மைக்ரோசாப்ட் பிரஸ் 1998ஆம் ஆண்டு வெளியிட்ட இரு நூல்களை இக்கட்டுரை அருகருகே வைத்து ஆராய்கிறது. ஒன்று, சார்லஸ் பெட்சோல்டின் ‘புரோகிராமிங் விண்டோஸ்’ ஐந்தாம் பதிப்பு. மற்றொன்று, மைக்கேல் ஹால்வர்சனின் ‘விசுவல் பேசிக் 6.0 புரொபஷனல் ஸ்டெப் பை ஸ்டெப்’. கற்பவருக்கு எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்பதில் இவை வேறுபட்டன. எளிய நூல் ஆழமற்றது என்னும் வழக்கமான மதிப்பீடு இவ்வேறுபாட்டை விளக்கப் போதாது. எளிமை கற்றவரின் அறிவை ஒரு கருவியின் ஆயுளோடு பிணைத்தது என்பதே கவனத்திற்குரியது.

திறவுச்சொற்கள்: சாளர நிரலாக்கம், நிகழ்வு, செய்திச் சுழற்சி, விசுவல் பேசிக், கைநூல், கணினிக் கல்வி வரலாறு.

முன்னுரை

கணினி வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் பொறிகளையும் நிறுவனங்களையும் கண்டுபிடிப்பாளர்களையும் கொண்டே அதை எழுதி வந்துள்ளனர். மேசைக் கணினிச் செயலிகளை எழுதக் கற்றுக்கொண்டவர்கள் எவ்வாறு கற்றார்கள் என்ற வினா அதில் ஓரமாகவே நிற்கிறது. இணையவழிப் பாடங்கள் பெருகுவதற்கு முந்தைய இருபது ஆண்டுகளில் அவ்வினாவிற்குரிய விடை பெரும்பாலும் ஒரு தடித்த நூலாகவும் அதன் பின்னட்டையில் ஒட்டிய வட்டாகவும் இருந்தது. அந்நூல்களை இலக்கிய ஆய்வாளர் சீண்டுவதில்லை; கணினி அறிவியலார் காலாவதியானவை என்று ஒதுக்குகின்றனர். எனினும், ஒரு தலைமுறை எந்த வரிசையில் எதைக் கற்றது என்பதற்கு அவற்றைவிட நேரடியான சான்று வேறில்லை.

வரிசை முறையில் கற்பித்த நூல்கள்

அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் ஜான் கெமெனி, தாமஸ் கர்ட்ஸ் ஆகியோர் உருவாக்கிய பேசிக் மொழி 1964 மே 1 அன்று முதன்முதலில் இயங்கியது. கணிதமும் அறிவியலும் பயிலாத மாணவரும் கணினியைப் பயன்படுத்த வேண்டும் என்பதே அதன் நோக்கம். அம்மொழியில் ஒவ்வொரு வரிக்கும் ஓர் எண் உண்டு. நிரல் அவ்வெண் வரிசையில் மேலிருந்து கீழாகச் சென்றது. ஆகவே அதைக் கற்பித்த நூலும் மேலிருந்து கீழாகவே சென்றது. டேவிட் ஆல் தொகுத்த பேசிக் விளையாட்டு நிரல்களின் தொகுப்பு 1973இல் வெளிவந்தது. 1978இல் சிறுகணினிகளுக்கெனத் திருத்தப்பட்ட அதன் பதிப்பு பத்து இலட்சம் படிகளுக்கு மேல் விற்றது. வாசகர் அச்சிட்ட வரிகளைப் பார்த்துப் பார்த்துத் தட்டெழுதினார். பிழை வந்தால் நூலோடு ஒப்பிட்டுத் திருத்தினார். படிப்பதும் எழுதுவதும் ஒரே வேலையாக இருந்தன.

1978இல் வெளியான பிரையன் கெர்னிகன், டென்னிஸ் ரிட்சி ஆகியோரின் சி மொழி நூலும் இதே ஒழுங்கில் நின்றது. உலகுக்கு வணக்கம் சொல்லும் அதன் முதல் நிரல் நான்கே வரிகள் கொண்டது. இந்நூல்கள் அனைத்திலும் ஓர் எண்ணம் அடிப்படையாக இருந்தது: ஆட்சி நிரலிடம் உள்ளது. பேசிக்கில் பின்னர் சேர்க்கப்பட்ட ‘இன்புட்’ கூற்றில் நிரல் கேட்கும், மனிதர் விடை தருவார். கேட்கும் நேரத்தையும் கேள்வியின் வரிசையையும் நிரலே முடிவு செய்தது.

ஆட்சி கைமாறிய இடம்

சாளரமும் சுட்டியும் கொண்ட இடைமுகத்தில் இவ்வொழுங்கு தலைகீழாகிறது. பயனர் எந்தப் பொத்தானை எப்போது அழுத்துவார் என்பது நிரலுக்குத் தெரியாது. நிரல் காத்திருக்க வேண்டும். அழைக்கப்படும்போது விடை தர வேண்டும். 1984 ஜனவரியில் மெக்கின்டாஷும் 1985 நவம்பரில் விண்டோஸின் முதல் பதிப்பும் விற்பனைக்கு வந்தபோது, அதுவரை நிரல் எழுதிப் பழகியவர்கள் எதிர்கொண்ட இடர்ப்பாடு இதுவே. புதிய கட்டளைகளை மனப்பாடம் செய்வது கடினமன்று. யார் யாரை அழைக்கிறார் என்பதை மாற்றி நினைப்பதே கடினம்.

தொழில்முறை நிரலர் அல்லாதோருக்கு இதை முதலில் பெருமளவில் கற்பித்தது ஆப்பிள் நிறுவனம் 1987இல் மெக்கின்டாஷ் கணினிகளுடன் விலையின்றி வழங்கிய ஹைப்பர்கார்டு ஆகும். ‘சுட்டி மேலெழும்போது இதைச் செய்’ என்னும் வடிவில் அதன் கட்டளைகள் அமைந்தன. அதே ஆண்டு டேனி குட்மேன் எழுதிய ஹைப்பர்கார்டு கைநூல் பெருவிற்பனை கண்டது. ஆனால் அலுவலகங்களில் பரவிய கணினி மெக்கின்டாஷ் அன்று. விண்டோஸ் உலகில் இதே பாடம் வேறு வழியில் தொடங்கியது.

பெட்சோல்டின் எண்பது வரிகள்

1986 டிசம்பரில் ‘மைக்ரோசாப்ட் சிஸ்டம்ஸ் ஜர்னல்’ இதழில் விண்டோஸ் நிரலாக்கம் பற்றிக் கட்டுரை எழுதிய சார்லஸ் பெட்சோல்டு, 1988இல் ‘புரோகிராமிங் விண்டோஸ்’ நூலின் முதற்பதிப்பை வெளியிட்டார். 1990, 1992, 1996, 1998 என அது விண்டோஸின் வளர்ச்சியோடு பதிப்புகள் கண்டது. ஐந்தாம் பதிப்பு ஏறத்தாழ 1500 பக்கங்கள். நிரலர்கள் நூலின் பெயரைச் சொல்லாமல் ஆசிரியரின் பெயராலேயே அதைக் குறிப்பிடும் அளவிற்கு அது நிலைபெற்றது.

இந்நூல் முழுத் தொடக்கநிலையாளருக்கு உரியதன்று. சி மொழி தெரிந்திருக்க வேண்டும் என்பதை ஆசிரியர் முன்னரே சொல்லிவிடுகிறார். ஆயினும் சாளர நிரலாக்கத்திற்குப் புதியவரான வாசகரையே அது கருதுகிறது. மூன்றாம் இயலில் வரும் ‘ஹெல்லோவின்’ நிரலைப் பார்த்தால் அதன் இயல்பு விளங்கும். ஒரு சாளரத்தைத் திறந்து அதன் நடுவில் ஒரு வணக்கத்தைக் காட்டுவதே அந்நிரலின் வேலை. அதற்கு எண்பது வரியளவு தேவைப்படுகிறது. முதலில் சாளர வகை ஒன்றைப் பதிவு செய்ய வேண்டும். பின்னர்ச் சாளரத்தை உருவாக்கிக் காட்ட வேண்டும். அடுத்துச் செய்திச் சுழற்சி வருகிறது: ‘கெட்மெசேஜ்’ என்னும் செயற்கூறு இயங்குதளத்திடமிருந்து ஒரு செய்தியைப் பெற்றுவர, ‘டிஸ்பேட்ச்மெசேஜ்’ அதை உரிய இடத்திற்கு அனுப்பும். கடைசியில் சாளரச் செயற்கூறு. சாளரம் உருவானது, வரையப்பட வேண்டும், அழிக்கப்பட்டது என வரும் ஒவ்வொரு செய்திக்கும் அதில் ஒரு விடை.

நான்கு வரி எண்பது வரியானதைப் பலர் கேலி செய்துள்ளனர். அந்த எண்பது வரிகளில் சுமையாக இருப்பவை சில உண்டு. சாளர வகையின் பத்து உறுப்புகளை ஒவ்வொன்றாக நிரப்புவது அவற்றுள் ஒன்று. ஆனால் செய்திச் சுழற்சி அவ்வாறன்று. பழைய 16 பிட் விண்டோஸில் பல நிரல்கள் ஒன்றாக இயங்கியது அவை ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுத்ததால்தான். நிரல் ‘கெட்மெசேஜ்’ செயற்கூற்றை அழைக்கும் இடமே அது பிறருக்கு வழிவிடும் இடம். ஒரு நிரல் அவ்விடத்திற்குத் திரும்பாவிட்டால் கணினி முழுதும் உறைந்து நிற்கும். பெட்சோல்டு இதை முதல் நிரலிலேயே வாசகரின் கையால் எழுத வைக்கிறார். ஆட்சி கைமாறியது என்பதை விளக்கிச் சொல்வதோடு நில்லாமல், அது கைமாறும் வரியையே கண்முன் வைக்கிறார். சொல்முறையில் அவர் பொறுமையானவர். ஒவ்வொரு வரியையும் பிரித்து உரை எழுதும் அவரது முறை, நம் மரபின் பதவுரை எழுதுவோரை நினைவூட்டுவது.

வரைந்து கற்றல்

ஆலன் கூப்பர் என்னும் நிரலர், வாங்குவோர் தமக்கு வேண்டிய இடைமுகத்தைத் தாமே பொத்தான்களை இழுத்து வைத்து அமைத்துக்கொள்ளும் கருவி ஒன்றை உருவாக்கி, 1988இல் பில் கேட்ஸிடம் காட்டினார். மைக்ரோசாப்ட் அதை வாங்கியது. ‘ரூபி’ என்று பெயரிடப்பட்ட அக்கருவி முதலில் கருதிய நோக்கிற்குப் பயன்படவில்லை. பேசிக் மொழியோடு இணைக்கப்பட்டு, 1991 மே மாதம் அட்லாண்டா நகரில் விசுவல் பேசிக் என வெளிவந்தது. சி மொழி அறிந்தோருக்கு மட்டும் திறந்திருந்த வாயில் கணக்கர்களுக்கும் அலுவலக மேலாளர்களுக்கும் பள்ளி ஆசிரியர்களுக்கும் திறந்தது. அவர்களுக்கான நூல்கள் வேறு மாதிரி எழுதப்பட வேண்டியிருந்தது.

அவ்வகை நூல்களுள் ஹால்வர்சனின் ‘ஸ்டெப் பை ஸ்டெப்’ வரிசையை எடுத்துக்கொள்ளலாம். அதன் முதல் நிரல் ‘லக்கி செவன்’ என்னும் சூதாட்டப் பொறி. படிவம் ஒன்றில் இரு பொத்தான்கள், எண்களைக் காட்ட மூன்று தலைப்புக் கட்டங்கள், நிரலின் பெயருக்கு ஒன்று, காசுக் குவியலின் படம் ஒன்று. பொத்தானை அழுத்தினால் மூன்று எண்கள் தோன்றும். அவற்றுள் ஒன்று ஏழாக இருந்தால் காசுக் குவியல் தெரியும். கணினி ஒலி எழுப்பும். நூல் இதை மூன்று படிகளாகப் பிரிக்கிறது: இடைமுகத்தை வரைதல், பண்புகளை அமைத்தல், நிரல்வரிகளை எழுதுதல். மூன்றாம் படியில் வாசகர் தட்டெழுதுவது பத்து வரியளவே. அவ்வரிகள் பொத்தானைச் சொடுக்கும் நிகழ்விற்குரிய செயற்கூற்றில் இடம்பெறுகின்றன. அச்செயற்கூற்றின் தலைவரியையும் முடிவு வரியையும் கருவியே எழுதித் தந்துவிடுகிறது.

நூலின் நடையும் மாறுகிறது. பெட்சோல்டின் பக்கங்கள் பெரும்பாலும் உரைநடையும் நிரல்வரிகளும். ஹால்வர்சனின் பக்கங்களில் எண்ணிட்ட ஏவல் வாக்கியங்கள், திரைப்படங்கள், எந்தப் பொருளின் எந்தப் பண்பிற்கு எந்த மதிப்பு என்று காட்டும் அட்டவணை. வாசகர் ஒரு கண்ணை நூலிலும் ஒரு கண்ணைத் திரையிலும் வைத்தே படிக்க முடியும். கணினியின்றி அந்நூலைப் படிப்பது சமையல் குறிப்பை அடுப்பின்றிப் படிப்பது போன்றது. கூறியது கூறலை நூலின் குற்றமாக எண்ணும் நன்னூலார் இதைக் கண்டால் முகம் சுளித்திருப்பார். சொடுக்குக, இழுக்குக, மீண்டும் சொடுக்குக என்று ஒரே செயலைப் பத்து இடங்களில் சொல்வதே இந்நூலின் கற்பித்தல் முறை.

எளிமை ஆழமின்மையாகுமா என்ற வினாவிற்கு இந்தச் சிறு நிரலே ஓரளவு விடை தருகிறது. நிரலை மூடி மீண்டும் திறந்து இயக்கினால் முதலில் வந்த அதே எண்கள் அதே வரிசையில் வரும். கணினியின் தற்போக்கு எண்கள் உண்மையில் ஒரு கணக்கின் விளைவு என்பதால் நேர்வது இது. ஹால்வர்சன் அந்த இயலின் இறுதியில் ‘ரேண்டமைஸ்’ என்னும் கூற்றைப் படிவம் ஏற்றப்படும் நிகழ்வில் சேர்க்கச் சொல்கிறார். அவ்வொரு திருத்தத்தால் வாசகர் இரண்டைக் கற்கிறார்: தற்போக்கு எண் என்பது யாது; பொத்தானைத் தவிர படிவத்திற்கும் நிகழ்வு உண்டு. பெட்சோல்டின் வாசகர் பல பக்கங்கள் கடந்து உணரும் நிகழ்வு என்னும் கருத்தை இவ்வாசகர் முதல் நாளிலேயே கையாளுகிறார். இதை ஆழமின்மை என்று தள்ளிவிட முடியாது.

பேசிக் கற்றவரின் சிந்தை கெட்டுவிடும் என்ற பொருள்பட எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1975இலேயே எழுதினார். விசுவல் பேசிக் மீது பின்னர் எழுந்த ஏளனம் பெரிதும் அப்பழைய குரலின் எதிரொலி. அதில் துறைக்குள் யாரை அனுமதிப்பது என்ற கவலையும் கலந்திருந்தது என்றே கருத வேண்டியுள்ளது.

மறைக்கப்பட்டது வெளிப்படும் இடம்

மறைத்தலால் இழப்பே இல்லை என்றும் சொல்வதற்கில்லை. விசுவல் பேசிக் நிரலிலும் செய்திச் சுழற்சி உண்டு. அது வாசகர் எழுதிய வரிகளில் இல்லை. நிரலோடு செல்லும் இயக்க நூலகக் கோப்பினுள் இருந்தது. வாசகர் தமது இரண்டாவது மூன்றாவது வாரத்தில் ஆயிரக்கணக்கான பதிவுகளை ஒரு சுழற்சியில் படிக்கும் நிரலை எழுதுவார். சாளரம் உறைந்துவிடும்; நிறுத்துப் பொத்தானை அழுத்தினாலும் பயனில்லை. அப்போது நூல்கள் ‘டூஈவென்ட்ஸ்’ என்னும் ஒற்றைச் சொல்லைச் சுழற்சிக்குள் இடச் சொல்லும். இட்டவுடன் சாளரம் உயிர்பெறும்.

அச்சொல் செய்வது பெட்சோல்டின் வாசகருக்குத் தெரியும்: காத்திருக்கும் செய்திகளை அனுப்பிவிட்டுத் திரும்புகிறது. அதனால்தான் அது சிக்கலையும் கொண்டுவருகிறது. செய்திகள் அனுப்பப்படுவதால், பயனர் அதே பொத்தானை மறுபடி அழுத்தினால் முடியாத வேலையின் நடுவிலேயே அவ்வேலை மீண்டும் தொடங்கும். சுழற்சி இருப்பதை அறியாதவருக்கு இப்பிழை புதிராகவே இருக்கும். தொடக்கத்தில் பொத்தானை முடக்கிவைத்தால் போதும் என்ற தீர்வையும் அவர் காரணம் அறியாமலே பின்பற்றுவார். இரு நூல்களுக்கும் இடையிலான தொலைவை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வேறு இடத்தை இவ்வாய்வில் காண இயலவில்லை.

2002: கருவி மாறியபோது

2002 பிப்ரவரியில் விசுவல் பேசிக் .நெட் வெளியானது. பெயர் தொடர்ந்தாலும் மொழி பெருமளவு வேறாகிவிட்டது. ஹால்வர்சன் புதிய கருவிக்காக நூலை மீண்டும் எழுதினார். ‘லக்கி செவன்’ அதிலும் முதல் நிரலாக இடம்பெற்றது. இரு பதிப்புகளையும் ஒப்பிடுவது பயன் தருவது. ‘கேப்ஷன்’ என்றிருந்த பண்பு ‘டெக்ஸ்ட்’ ஆகிறது. பொத்தானின் செயற்கூற்றுத் தலைப்பு, அனுப்பிய பொருள், நிகழ்வின் விவரம், கையாளப்படும் நிகழ்வின் பெயர் ஆகியவற்றைத் தாங்கி நீண்டுவிடுகிறது. எல்லாவற்றிற்கும் மேலாக, படிவத்தை வரையும்போது கருவி தானாக எழுதும் வரிகள் இப்போது வாசகரின் கோப்பிலேயே, மடித்துவைத்த ஒரு பகுதியாகத் தெரிகின்றன. 1991இல் மறைக்கப்பட்டவற்றுள் ஒரு பங்கு 2002இல் வெளியே தலைகாட்டியது. 2005இன் பதிப்பில் அது தனிக் கோப்பிற்கு மாற்றப்பட்டு மீண்டும் கண்ணுக்கு எட்டாமல் போயிற்று.

அதே 2002இல் பெட்சோல்டும் விசுவல் பேசிக் .நெட் பற்றி ஒரு பெருநூல் எழுதினார் என்பது அவ்வளவாகப் பேசப்படாத செய்தி. வரையும் கருவியைப் பயன்படுத்தாமல், பொத்தான்களையும் கட்டங்களையும் நிரல்வரிகளாலேயே உருவாக்கக் கற்பித்தார். எளியோரின் மொழி என்று ஒதுக்கப்பட்டதில் அவருடைய பழைய முறையைச் செயற்படுத்த முடிந்தது. ஆகவே வேறுபாடு மொழியில் இல்லை; நூல் எடுத்த முடிவில் உள்ளது. 2005 அக்டோபரில் நியூயார்க்கில் நிகழ்த்திய உரையில், விசுவல் ஸ்டுடியோ நிரலரின் சிந்தையைக் கெடுக்கிறதா என்று அவர் தலைப்பிட்டே கேட்டார். கருவி நிரல்வரிகளைத் தானே எழுதித் தருவதும் அடுத்த சொல்லை முன்கூட்டிக் காட்டுவதும், நிரலரின் எண்ண ஓட்டத்தை வடிவமைக்கின்றன என்பது அவருடைய வாதத்தின் சாரம்.

விசுவல் பேசிக் 6.0 கற்றவர்களின் நிலை வேறு. 2005 மார்ச்சில், மைக்ரோசாப்டின் மதிப்பைப் பெற்ற வல்லுநர் நூற்றுவருக்கும் மேற்பட்டோர், பழைய மொழியைக் கைவிட வேண்டாம் என்று அந்நிறுவனத்திடமே விண்ணப்பம் விடுத்தனர். பயன் விளையவில்லை. நீட்டிக்கப்பட்ட ஆதரவும் 2008இல் முடிந்தது. 1998இல் ஒரே பதிப்பகத்தின் இரு நூல்களை வாங்கிய இரு வாசகரை எண்ணிப் பார்க்கலாம். பெட்சோல்டின் வாசகர் எழுதிய எண்பது வரிகளைச் சிறு மாற்றங்களோடு இன்றைய தொகுப்பியிலும் இயக்கலாம். ஹால்வர்சனின் வாசகர் உருவாக்கிய நிரல் இன்றைய விண்டோஸிலும் ஓடும்; இயக்க நூலகக் கோப்பு இன்னும் உடன் வருகிறது. ஆனால் அந்நிரலைத் திறந்து திருத்துவதற்குரிய கருவியின் வளர்ச்சி நின்றுவிட்டது. எளிமைக்குக் கொடுத்த விலை அறிவுக் குறைவன்று. கற்றதைத் தொடர்ந்து பயன்படுத்தும் உரிமை வேறொருவர் கையில் இருந்ததே ஆகும்.

தமிழ் எழுத்தும் விசுவல் பேசிக் படிவமும்

தமிழ்ச் செயலிகளை உருவாக்க முயன்றோருக்கு இம்மறைப்பு மற்றொரு வகையிலும் இடர் தந்தது. விசுவல் பேசிக் 6.0 சொற்சரங்களை உள்ளே ஒருங்குறியில் வைத்திருந்தது. ஆனால் அதன் உள்ளமைந்த பொத்தான்களும் கட்டங்களும் 8 பிட் எழுத்துகளையே காட்டவல்லவை. ஒருங்குறித் தமிழை ஒரு தலைப்புக் கட்டத்தில் இட்டால் கேள்விக்குறிகளே தோன்றும். காரணம் படிவத்திற்கு உள்ளே மறைந்திருந்ததால், நூலைப் பின்பற்றிய தொடக்கநிலையாளர் அதைக் கண்டறிவது அரிது.

8 பிட் எழுத்துருக்கள் இதற்கு ஒரு வழியாயின. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டைத் தொடர்ந்து தமிழக அரசு டாம், டாப் குறியீடுகளைத் தரமாக அறிவித்தது. டிஸ்கி குறியீடும் வழக்கில் இருந்தது. எழுத்துருப் பண்பை மாற்றினால் படிவத்தில் தமிழ் தெரியும். ஆனால் கணினி அதை இலத்தீன் எழுத்துகளாகவே எண்ணும் என்பதால், அகர வரிசைப்படுத்தலுக்குத் தனியே நிரல் எழுத வேண்டும். விண்டோஸ் 2000 தமிழை ஒருங்குறியில் ஏற்ற பின்னரும் விசுவல் பேசிக் 6.0 படிவங்களின் குறை தீரவில்லை. .நெட் படிவங்களே அதைத் தீர்த்தன. கருவி மாற்றம் பலருக்கு இழப்பாக இருந்த அதே வேளையில் தமிழ் எழுத்திற்கு ஆதாயமாக அமைந்தது.

கழிக்கப்படும் சான்றுகள்

இவ்வகை ஒப்பீட்டிற்குப் பழைய பதிப்புகள் கையில் இருக்க வேண்டும். நூலகங்களில் அவையே முதலில் கழிக்கப்படுகின்றன. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநில நூலகம் வெளியிட்டுள்ள, பலராலும் பின்பற்றப்படும் நூல்கழிப்புக் கையேடு கணினி நூல்களுக்கு மூன்று ஆண்டுகளை அளவாகக் காட்டுகிறது. பயன்பாட்டு நோக்கில் அது சரியே. 1998இன் நூலைக் கொண்டு இன்று வேலை கற்க வருவோருக்கு அது உதவாது. ஆனால் புதிய பதிப்பு வந்ததும் பழையது போய்விடுவதால், ‘லக்கி செவன்’ ஒரு பதிப்பிலிருந்து அடுத்ததற்கு எவ்வாறு மாறியது என்று காணும் வாய்ப்பும் போய்விடுகிறது. நாவலின் முதற்பதிப்பைத் தேடிச் சேர்ப்போர் உண்டு. கைநூலின் நான்காம் பதிப்பைத் தேடுவார் அரியர்.

வட்டுகளின் நிலை இன்னும் மோசம். பயிற்சிக் கோப்புகள், படங்கள், ஒலிகள் அனைத்தும் அவற்றில்தான் இருந்தன. ‘ஹெல்லோவின்’ நிரல் திறக்கும்போது ஓர் ஒலிக்கோப்பை இயக்கும். திரையில் தெரியும் வணக்கத்தைப் பெட்சோல்டு தம் குரலிலேயே சொல்வதை வாசகர் கேட்கலாம். அச்சிட்ட பக்கத்தில் அக்கோப்பின் பெயர் மட்டுமே உள்ளது.